மின்னூசியும் முகத்து வடுவும்

முகத்தில் வளர்ந்த வேண்டாத ரோமத்தை மின்னூசியால் களைந்துகொண்ட ஒரு பெண் மறுநாள் காலையில் கண்ணாடி முன் நிற்கிறாள். மேலுதட்டின் மேலும் மோவாயிலும் தோல் சிவந்து தடித்திருக்கிறது. இரண்டொரு நாளில் ஊசி நுழைந்த சில இடங்களில் கடுகினும் சிறிய பொருக்குகள் கட்டுகின்றன. ரோமத்தை ஒழிக்கப் போய் வடுவை வாங்கிக்கொண்டோமோ என்ற அச்சம் அவள் நெஞ்சில் எழுகிறது. வெளியே செல்ல நாணி, முந்தானையால் மோவாயை மறைத்துக்கொள்கிறாள்.

மின்னூசி முறை தோன்றி ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. இந்த அச்சத்திற்கும் அத்தனை வயதாகிறது. இதன் வரலாற்றைப் புரட்டும்போது நம்மை வியக்கச் செய்யும் செய்தி ஒன்று உண்டு. மறுநாளே சிவப்பும் பொருக்கும் காட்டி அஞ்ச வைத்த முறையில், செய்தவர் கை தேர்ந்ததாயின், அவை பெரும்பாலும் ஆறி மறைந்தன. வலியும் இல்லை, காயமும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்த வேறொரு முறையோ, பல பெண்களின் முகத்தை ஆண்டுகள் பல சென்றபின் பாழாக்கியது. இவ்விரண்டின் கதையையே இங்குச் சொல்லப் புகுகிறோம்.

வடுவைப் பற்றிய கவலை நம் நாட்டு மருத்துவத்திற்குப் புதியதன்று. சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, புண்ணுக்கு உரிய அறுபது உபாயங்களைக் கூறுகிறது. அவற்றுள் ரோமம் களைதலும் ஒன்று. புண் ஆறுவதற்குத் தடையாக நிற்கும் ரோமத்தைச் சவரக்கத்தியாலோ கத்தரியாலோ சாமணத்தாலோ நீக்குக என்கிறது அந்நூல். சங்கின் பொடி இரண்டு பங்கும் அரிதாரம் ஒரு பங்கும் சேர்த்துப் புளித்த காடியில் அரைத்துப் பூசும் கலவையையும் குறிப்பிடுகிறது. அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் கூடிய பொருள். துருக்கியரின் குளியல் மனைகளிலும் அரிதாரத்தைச் சுண்ணாம்புடன் குழைத்து இதே காரியத்திற்குப் பயன்படுத்தினார்கள். இக்கலவைகள் தோலுக்கு மேலுள்ள ரோமத்தை அரித்து வீழ்த்துமேயன்றி வேரைத் தொடுவதில்லை. சற்று நேரம் கூடினால் தோலையும் சேர்த்து வேக வைத்துவிடும்.

நம் கருத்தை அதைவிட ஈர்ப்பது, அந்த அறுபதின் பட்டியலிலேயே வரும் வேறு இரண்டு உபாயங்களாகும். அவை கிருஷ்ண கர்மம், பாண்டு கர்மம் என்பன. ஆறிய இடம் வெளுத்திருந்தால் அதைக் கறுக்கச் செய்வது முன்னது. கறுத்திருந்தால் அதை வெளிறச் செய்வது பின்னது. புண் மூடிக்கொண்டதோடு வைத்தியனின் வேலை முடியவில்லை. ஆறிய இடம் சுற்றியுள்ள தோலின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்த ஆசிரியர்கள் எண்ணியிருக்கிறார்கள். மாநிறமும் கருநிறமும் உடைய மக்களிடையே மருத்துவம் செய்தவர்களுக்கு இந்தக் கவலை தோன்றியது இயல்பே. மேனாட்டு மருத்துவம் இந்த நிற வேற்றுமையைத் தனியே ஆராய்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அதைப் பின்னர்க் காண்போம்.

வேரையே அழிக்கும் முறை அழகுக்காகப் பிறந்ததன்று. கண்ணைக் காப்பதற்காகப் பிறந்தது. டிரக்கோமா போன்ற நோய்களால் இமையின் உட்புறம் புண்பட்டு, அப்புண் ஆறித் தழும்பாகிச் சுருங்கும்போது, இமை உள்நோக்கி வளைகிறது. இமைமயிர்கள் கருவிழியை ஓயாமல் உராய்கின்றன. நாளடைவில் பார்வையே கெடும். சாமணத்தால் பிடுங்கினால் சில வாரங்களில் மீண்டும் முளைக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சுட்டும் பார்த்தார்கள். அது இமையில் மேலும் தழும்பையே உண்டாக்கிற்று.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷெல் என்னும் கண் மருத்துவர் இருந்தார். மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்த நுண்ணிய ஊசியை இமைமயிரின் காலுக்குள் செலுத்தி, வேரை அழிக்கும் வழியை அவர் கண்டார். சில ஆண்டுகள் செய்து பார்த்தபின் 1875-ல் அதை அந்நகர மருத்துவ இதழில் வெளியிட்டார். வோல்ட்டா 1800-ல் மின்கல அடுக்கை அமைத்ததும், ஃபாரடே 1834-ல் மின்னோட்டம் பொருள்களைப் பகுக்கும் செயலுக்கு எலெக்ட்ராலிஸிஸ் என்று பெயர் சூட்டியதும் இதற்கு வழி வகுத்திருந்தன. தழும்பினால் வந்த துன்பத்தைத் தீர்க்கப் பிறந்த முறையே, தழும்பை உண்டாக்குமோ என்ற ஐயத்திற்குப் பின்னாளில் ஆளானது விந்தைதான்.

அதே நகரில் தோல் மருத்துவராக விளங்கிய ஹார்டவே, மிஷெலின் முறையை இமையிலிருந்து முகத்திற்குக் கொண்டுவந்தார். 1870-களின் இறுதிக்குள் அமெரிக்கத் தோல் மருத்துவர்களிடையே அது பேச்சுக்கு வந்துவிட்டது. நியூயார்க்கில் ஜார்ஜ் ஹென்றி ஃபாக்ஸ் என்பவர் முகத்தின் வேண்டாத ரோமத்தையும் பிற மறுக்களையும் மின்சாரத்தால் நீக்குவது பற்றி 1886-ல் தனி நூலே எழுதினார்.

அக்காலத்துச் சிகிச்சை அறையைச் சற்று மனக்கண்ணால் பார்ப்போம். சாளரத்தின் ஒளி முகத்தில் விழும்படி பெண் சாய்ந்திருக்கிறாள். மருத்துவர் ஊசியை ரோமத்தின் ஓரமாக அதன் காலுக்குள் மெல்ல இறக்குகிறார். மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்த ஈரமான கடற்பஞ்சு அவள் கையருகில் இருக்கிறது. ஊசி உள்ளே சென்றபின் அவள் அதைப் பற்றினால்தான் மின்னோட்டம் தொடங்கும், விட்டால் நிற்கும். சுற்று முடிவதும் அறுவதும் நோயாளியின் கையிலேயே இருந்தது. ஊசியை எடுப்பதற்கு முன் பஞ்சை விடும்படி மருத்துவர் சொல்வார். சற்று நேரத்தில் ரோமக்காலின் வாயில் வெண்ணிற நுரை அரும்பும். பின்பு சாமணத்தால் தொட்டாலே ரோமம் தடையின்றிக் கழன்று வரும். இழுத்து வர வேண்டியிருந்தால் வேர் அழியவில்லை என்று பொருள்.

அந்த நுரை என்ன? நம் தோலின் ஈரத்தில் உப்பு கலந்திருக்கிறது. மின்னோட்டம் அதைப் பகுக்கும்போது எதிர்முனையாகிய ஊசியைச் சுற்றி காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரமும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகின்றன. வாயு நுரைத்து மேலே வருகிறது. காரம் அடியில் தங்கி வேரைக் கரைக்கிறது. அதாவது வேரை அழிப்பது மின்சாரம் நேரே அன்று, அது அந்த இடத்திலேயே தயாரித்துக் கொடுக்கும் காரம். முனைகளை மாற்றி ஊசியை நேர்முனையில் இணைத்துவிட்டாலோ வேறு விபரீதம் நேரும். எஃகு ஊசி தானே கரைந்து, இரும்பின் உப்புக்கள் தோலில் படிந்துவிடும். பச்சை குத்தியதுபோல ஒவ்வொரு ரோமக்காலிலும் ஒரு கரும்புள்ளி நிலைத்து நிற்கும். புண் ஆறினாலும் அந்தக் கறை போகாது. எனவே ஊசி எதிர்முனையில்தான் இருக்கவேண்டும் என்பதைத் தொடக்க கால ஆசிரியர்கள் வற்புறுத்திச் சொன்னார்கள்.

சரியாகச் செய்தால் வடு ஏன் தங்குவதில்லை என்பதற்கு ரோமக்காலின் அமைப்பே விடை. மேல்தோல் உள்ளே மடிந்து இறங்கி, சில மில்லிமீட்டர் ஆழத்தில் முடியும் ஒரு சிறு குழாய் போன்றது அது. ஊசி செல்வது ஏற்கெனவே உள்ள அந்த வாயில் வழியாகத்தான். தோலைப் புதிதாகத் துளைப்பதில்லை. காரம் வேலை செய்வது அடியில். மேல்தோலில் சிறு பழுது நேர்ந்தாலும், அருகிலுள்ள மேல்தோலிலிருந்தும் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்தும் புதிய உயிரணுக்கள் படர்ந்து வந்து வடுவின்றி மூடிவிடும். ஆழத்திலுள்ள உள்தோல் பரவலாகச் சேதமுற்றால்தான் அந்த இடத்தை உடல் நார்த்தசையால் அடைக்கிறது. அதுவே வெளியில் குழியாகவோ மேடாகவோ தெரியும் வடு. அழிந்த ரோமக்காலும் உள்ளே மெல்லிய நாராக மாறுகிறது. ஆனால் அது நூலிழை அளவே, வெளியில் தெரிவதில்லை.

இதனால் வடு பற்றிய அச்சம் முற்றும் வீணானது என்று நாம் சொல்லிவிடலாகாது. குழி விழுந்த மேலுதடுகள் அக்காலத்திலும் இருந்தன, இக்காலத்திலும் இருக்கின்றன. ஊசி போதிய ஆழம் இறங்காமல் மேல்தோலருகே நின்றால் வாயில் வெந்துபோகும். அடியைத் தாண்டித் துளைத்துச் சென்றால் உள்தோல் புண்படும். அடுத்தடுத்து நெருங்கிய ரோமங்களை ஒரே அமர்வில் எடுத்தால், ஒவ்வொன்றையும் சுற்றி வெந்த சிறு வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு பெரும் புண்ணாகிவிடும். ஆகவேதான் இடைவிட்டு ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக எடுக்கவேண்டும் என்று பழைய நூல்கள் எச்சரித்தன. நோயாளிகளுக்கு இது பிடிப்பதில்லை. ஓரிடத்தைத் துப்புரவாக முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள் என்பார்கள். அந்த வேண்டுகோளுக்கு இணங்கிய மருத்துவரே பிறகு வடுவுக்குப் பழி சுமந்தார்.

பொறுமையைச் சோதித்தது வடுவைக் காட்டிலும் காலமே. ஒரு ரோமத்திற்கு அரை நிமிடம், சிலவற்றிற்கு அதைவிட மிகுதி. ஒரு மோவாயிலோ நூற்றுக்கணக்கான ரோமங்கள். அவையும் ஒரே காலத்தில் முளைப்பதில்லை. சில உறங்க, சில வளரும். உறங்கியவை எழும்போது மீண்டும் அமரவேண்டும். ஓராண்டு, இரண்டாண்டு என்று நீளும் சிகிச்சையைச் செல்வர் வீட்டுப் பெண்களே தாங்க முடிந்தது. 1916 அளவில் நியூயார்க்கில் பால் க்ரீ என்பவர் ஒரே நேரத்தில் பல ஊசிகளைச் செலுத்தும் முறையை அமைத்து இந்தத் தாமதத்தைக் குறைக்க முயன்றார். ஆனால் அதற்கு முன்பே, ஊசியே வேண்டாம் என்ற ஆசையை வேறொரு கண்டுபிடிப்பு கிளப்பிவிட்டிருந்தது.

1895-ன் இறுதியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து ஜான் டேனியல், தம்முடன் பணியாற்றிய டட்லியின் தலையைக் கதிரால் படம் பிடிக்க முயன்றார். 21 நாள் கழித்து, கதிர் பட்ட இடத்தில் டட்லியின் தலைமயிர் வட்டமாக உதிர்ந்திருந்தது. 1896-ன் இறுதியில் வியன்னாவின் லியோபோல்ட் ஃபிராய்ண்ட், முதுகில் பெரிய ரோம மறு இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு நாள்தோறும் கதிர் கொடுத்தார். ரோமம் உதிர்ந்தது. முதுகின் கீழ்ப்புறத்தில் எளிதில் ஆறாத புண் ஒன்று பின்னர்த் தோன்றிற்று. முதல் நோயாளியிடமே எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் 1920-களில் அமெரிக்காவில் ஒரு வாணிபமே எழுந்தது. ஆல்பர்ட் கைசர் என்னும் மருத்துவர் 'ட்ரிக்கோ' என்ற பெயரில் ஒரு கருவியை அமைத்தார். பல நகரங்களில் அதைக் கொண்டு அழகு நிலையங்கள் நடத்தப்பட்டன. மெருகிட்ட மரப்பெட்டியின் முன் பெண் அமர்ந்து முகத்தை வைத்தால் போதும். சில நிமிடங்கள் ஏதோ ஓசை கேட்கும், எழுந்து போகலாம். ஊசி இல்லை, வலி இல்லை, சிவப்பு இல்லை, பொருக்கு இல்லை. பல முறை சென்றபின் ரோமம் உதிர்ந்து முகம் வழவழப்பானது. மகிழ்ந்த பெண்கள் தோழியரையும் அனுப்பினார்கள்.

சில ஆண்டுகளில் தோல் வறண்டு சுருங்கியது. வெண்புள்ளியும் கரும்புள்ளியும் கலந்து படர்ந்தன. நுண்ணிய இரத்த நாளங்கள் சிலந்தி வலைபோலச் சிவந்து தெரிந்தன. சிலருக்கு ஆறாத புண்ணும், அதிலிருந்து புற்றுநோயும் உண்டாயின. 1929-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இந்தக் கருவியைக் கண்டித்தது. ஆனால் கதிர் தோலுக்குள் செய்த வேலையைத் திரும்பப் பெற வழி ஏது? ஊசியின் புண் மேலிருந்து கீழே ஒரு புள்ளி. கதிரின் புண்ணோ, தோலைப் புதுப்பிக்கும் உயிரணுக்களின் கருவிலேயே விழுந்த ஊறு. ஆற்றவேண்டிய அணுக்களே பழுதுபட்டால் ஆற்றுவது யார்?

ரோமமுள்ள பெண் என்ற ஏளனத்திற்கு அஞ்சி மறைவாகச் சென்றவர்களே இவர்களுள் மிகுதி. அதனால் வீட்டாருக்கும் சொல்லவில்லை. கெடுதல் தெரிந்தபின்னும் நெடுநாள் வாய் திறக்கவில்லை. கேடு இவ்வளவு பரவியதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அதே காலத்தில் 'கோரெம்லு' என்ற முகப்பூச்சும் விற்பனைக்கு வந்தது. அதில் தாலியம் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது தோல் வழியே உடலில் ஊறி, முகத்து ரோமத்தோடு தலைமயிரையும் உதிர்த்தது. கால்களில் கடும் வலியும் தளர்ச்சியும் தந்தது. சிலருடைய பார்வையையும் கெடுத்தது. 1933-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து அதிகாரிகள் மக்களுக்குக் காட்டிய கொடிய பண்டங்களின் காட்சியில் இதுவும் இடம் பெற்றது. 1938-ல் வந்த சட்டம் முகப்பூச்சுக்களையும் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது.

மின்னூசியும் இதற்கிடையே மாறியது. பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் அன்ரி போர்தியே, 1924 வாக்கில் மிக விரைவாக அலையும் மின்னோட்டத்தை ஊசி வழியே செலுத்தி, காரத்திற்குப் பதிலாகச் சூட்டினால் வேரை அழித்தார். ஒரு ரோமத்திற்கு இரண்டொரு நொடி போதும். வேகம் கூடியது, பிழைக்கு இடமும் கூடியது. காரம் மெல்லப் பரவுவதால் செய்பவர் நிறுத்திக்கொள்ள அவகாசம் உண்டு. சூடு கண்ணிமைக்கும் நேரத்தில் சுட்டுவிடும். அமெரிக்காவில் ஆன்ரி செயின்ட் பியரும் ஆர்தர் ஹிங்கலும் காரத்தையும் சூட்டையும் ஓர் ஊசியிலேயே இணைத்து 1948-ல் காப்புரிமை பெற்றார்கள். சூடேறிய காரம் விரைந்து வேலை செய்வதால் இரண்டையும் சிறிதளவில் பயன்படுத்தினால் போதும் என்பது அவர்கள் கருத்து.

காரத்தை அளக்க ஓர் எளிய அலகையும் ஹிங்கல் வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் ஒரு நொடி ஓடினால் அது ஓர் அலகு. 0.4 மில்லி ஆம்பியர் 10 நொடி ஓடினால் 40 அலகு. ஃபாரடேயின் விதிப்படி கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 40 அலகில் உண்டாகும் கடுங்காரம் ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய துளியை உரிய இடத்தில் வைப்பதே இந்தத் தொழிலின் திறமை முழுவதும். மெல்லிய ரோமத்திற்குத் தடித்த ரோமத்தின் அளவைக் கொடுப்பதுதான் வடுவின் தொடக்கம்.

இனி நிறத்தின் செய்திக்கு வருவோம். நம் நாட்டவரின் தோலில் கருநிறப்பொருள் மிகுதி. அது வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது. ஆனால் சிறு அழற்சி நேர்ந்தாலும் அங்கே மிகுதியாகச் சுரந்து கரும்புள்ளியாகப் படிகிறது. கொசுக்கடியும் பருவும் விட்டுச்செல்லும் கறைகள் இதற்குச் சான்று. மின்னூசிக்குப் பின் நம் பெண்கள் வடு என்று அஞ்சுவது பெரும்பாலும் இந்தக் கறையைத்தான். கையால் தடவிப் பார்த்தால் குழியும் இராது, மேடும் இராது. நிறம் மட்டுமே வேறுபடும். அது சில மாதங்களில் வெளிறும்; வெயில் பட்டால் நீடிக்கும். பாஸ்டன் நகரத்து ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வெயிலைத் தாங்கும் திறத்தைக்கொண்டு தோலை வகுத்தபோது முதலில் வெள்ளையரின் தோலுக்கு மட்டுமே நான்கு வகைகள் கூறினார். மாநிறமும் கருநிறமும் பிறகே சேர்க்கப்பட்டன. சுசுருதரின் பாண்டு கர்மத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கெலாய்டு என்பது வேறு. காயத்தின் எல்லையையும் கடந்து நண்டின் காலைப் போல் படர்ந்து தடிக்கும் தழும்பு அது. பாரிஸின் ஆலிபெர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு அப்பெயரை இட்டார். காது குத்திய இடத்தில் உருண்டையாகத் தடித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய உடல்வாகு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

1990-களின் பிற்பகுதியில் பரவிய லேசர் முறை ரோமத்தின் கருநிறத்தைக் குறிவைத்துச் சுடுவது. தோலும் கருமையாயிருந்தால் தோலையும் சுடும். நீண்ட அலைநீளமுள்ள கருவிகள் வந்தபின் அந்த அபாயம் குறைந்தது. நரைத்த ரோமத்தை லேசர் காண்பதில்லை. மின்னூசிக்கு நிறம் ஒரு பொருட்டன்று. ஆகையால் நரைத்த ரோமம் உடையவர்களும், முகத்து ரோமத்தை அடியோடு நீக்க விரும்பும் திருநங்கையர் பலரும் இன்றும் அதை நாடுகிறார்கள். சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ள பெண்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1935-ல் சிகாகோவில் ஸ்டைனும் லெவென்தாலும் விவரித்த நோய் அது. ஹார்மோன்களின் தூண்டுதலால் புதிய ரோமங்கள் எழுந்துகொண்டே இருப்பதால், அழித்தவையே திரும்ப வந்தன என்று எண்ணி மேலும் கடுமையாகச் செய்யச் சொல்வது தவறு. மருத்துவரிடம் உள்நோய்க்கும் சிகிச்சை பெறவேண்டும்.

பொருக்கைப் பற்றியும் ஒரு சொல். 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆங்கிலேயர் பன்றிக்குட்டிகளின் தோலில் ஆராய்ந்து, ஈரம் காயாமல் மூடிய புண், காற்றில் உலர்ந்து பொருக்குக் கட்டிய புண்ணைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரைவில் மேல்தோல் பெறுவதாகக் காட்டினார். உலர்ந்த பொருக்கின் அடியில் புதிய தோல் வழி தேடிச் செல்லவேண்டியிருக்கிறது. என்றாலும் கட்டிவிட்ட பொருக்கை நகத்தால் கிள்ளுவது, அப்போதுதான் படர்ந்த மெல்லிய தோலையும் கிள்ளுவதாகும். நல்ல கையால் செய்த இடத்தில்கூடக் குழி விழுவதற்கு விரல் நகமே காரணமாவது உண்டு.

சிவப்பு சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ தணியும். பொருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தானே உதிரும். கறை சில மாதம் இருக்கும். உள்தோலின் நார்கள் சீர்ப்பட ஓராண்டும் ஆகலாம். அதற்குமுன் இது வடுதான் என்று முடிவு கட்ட இயலாது. தேர்ந்தவர்கள் முதல் நாளில் முகம் முழுவதையும் தொடுவதில்லை. மோவாயின் அடியில், பிறர் பார்வை படாத இடத்தில் ஐந்தாறு ரோமங்களை மட்டும் இடைவிட்டு எடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி, சாளரத்து வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்த்தபின்பே மேலுதட்டுக்கு வருகிறார்கள்.